சுண்ணாம்புக்குளம் என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? இணைய நிரலாக்க அறிமுகப் பாடம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் கணினிப் பட்டப்படிப்புகளில் இணைய நிரலாக்கம் அறிமுகப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அப்பாடத்தில் தமிழ் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கலைச்சொற்களைத் தமிழாக்கும் பணி பள்ளிப் பாடநூல்கள் அளவில் பெரிதும் நிறைவேறியுள்ளது. ஆயினும் பயிற்சிகளில் கையாளப்படும் தரவு ஆங்கிலமாகவே இருப்பதால், தமிழ் எழுத்தைக் கையாளத் தெரியாத நிரலாளர்களையே இப்பாடம் உருவாக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். எண்ணுதல், திருப்புதல், அடுக்குதல், தேடுதல், சரிபார்த்தல் ஆகிய ஐந்து அடிப்படைப் பயிற்சிகள் பழவேற்காடு ஏரிக்கரைப் பெயர்களையும் பிற தமிழ்ச் சொற்களையும் கொண்டு சோதிக்கப்படுகின்றன. புதிய அலகு எதனையும் சேர்க்காமல், பயிற்சித் தரவை மட்டும் மாற்றிப் பாடத்தைத் திருத்தலாம் என்பது முடிவாகப் பெறப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணைய நிரலாக்கம், ஒருங்குறி, எழுத்திலக்கணம், பாடத்திட்டம், பழவேற்காடு ஏரி, கணினித்தமிழ்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களுள் ஒன்று சுண்ணாம்புக்குளம். சில்காவுக்கு அடுத்த நிலையில் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காடு, பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் எஞ்சிய பகுதி தமிழ்நாட்டிலுமாகப் பரந்துள்ளது. கரையூர்களில் தமிழும் தெலுங்கும் வழங்குகின்றன. ஏரியையும் வங்கக்கடலையும் பிரிக்கும் நிலத்திட்டில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அமைந்துள்ளது. இக்கரையூர்களிலிருந்து பொன்னேரிக்கும் சென்னைக்கும் கல்லூரிப் படிப்புக்காகச் செல்லும் முதல் தலைமுறை மாணவருள் கணினிப் பட்டப்படிப்பைத் தேர்வோரும் உளர். இக்கட்டுரையாளரும் அவ்வழி வந்தவரே. இளநிலையில் கணினிப் பயன்பாடு பயின்று, முதுநிலையில் தமிழுக்கு மாறியவர்.

இளநிலை இரண்டாம் ஆண்டில், கல்லூரி ஆய்வகத்தில் பதிவுப் படிவம் ஒன்றை உருவாக்கும் பயிற்சி தரப்பட்டது. பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகிய மூன்று புலங்கள். ஆய்வகக் கையேட்டைப் பார்த்து எழுதிய நிரல் பிழையின்றி இயங்கிற்று. சோதித்துப் பார்க்கும் ஆவலில், ஊர் என்னும் புலத்தில் 'சுண்ணாம்புக்குளம்' எனத் தமிழில் உள்ளிட்டபோது, 'எழுத்துகளை மட்டும் உள்ளிடுக' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எச்சரிக்கை தோன்றியது. அவ்வெச்சரிக்கையை எழுதியவர் இக்கட்டுரையாளரே. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை உள்ளிட்டதும் படிவம் ஏற்றுக்கொண்டது. பயிற்சிக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

தமிழ் எழுத்து 'எழுத்து' ஆகாது எனக் கூறும் நிரலைத் தமிழ் மாணவர் ஒருவர் எழுதி, அதற்கு முழு மதிப்பெண் பெறுவது எவ்வாறு இயலுகிறது? இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

பாடத்தின் அமைப்பு

இணைய நிரலாக்க அறிமுகப் பாடங்கள் பெரும்பாலும் ஒரே நிரலைப் பின்பற்றுகின்றன. பக்கத்தின் கட்டமைப்புக்கு எச்.டி.எம்.எல்., தோற்றத்துக்கு சி.எஸ்.எஸ்., உலாவியில் இயங்கும் செயல்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட், வழங்கியில் இயங்கும் செயல்களுக்கு பி.எச்.பி. போன்றதொரு மொழி, தரவைச் சேமிக்க மைஎஸ்கியூஎல் என அந்நிரல் அமையும். ஆய்வகப் பயிற்சிகளும் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டன: வரவேற்புச் சொல்லை அச்சிடும் பக்கம், ஒரு சொல்லின் நீளம் காணல், சொல்லைத் திருப்பி எழுதுதல், பெயர்களை அகரவரிசைப்படுத்துதல், படிவத்தைச் சரிபார்த்தல், மதிப்பெண் பட்டியலைத் தரவுத்தளத்தில் சேமித்தல்.

இந்நிரல் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் 2018–19ஆம் கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் தமிழ்வழியில் கற்பிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூல் பி.எச்.பி.யையும் மைஎஸ்கியூஎல்லையும் கற்பிக்கிறது. நிரலாக்கத்தைத் தமிழில் விளக்க இயலாது என்ற வாதத்துக்கு இந்நூல்கள் தக்க மறுப்பாகும். அணி, மடக்கு, செயற்கூறு முதலிய சொற்கள் இன்று மேல்நிலை மாணவர் நாவில் இயல்பாகப் புழங்குகின்றன.

ஆயின், பதினொன்றாம் வகுப்பு நூலின் இயல் வைப்புமுறை நோக்கத்தக்கது. தமிழ்க் கணிமை நூலின் இறுதிப் பகுதியில் தனி இயலாக வைக்கப்பட்டுள்ளது. எச்.டி.எம்.எல். இயல்கள் முன்னே முடிந்துவிடுகின்றன. தமிழ் மென்பொருள்கள், விசைப்பலகைகள், இணையத்தில் தமிழ் ஆகியவை பின்னே அறிமுகமாகின்றன. நிரல் வேறு, தமிழ் வேறு என்னும் எண்ணம் இவ்வைப்புமுறையிலேயே மாணவர் மனத்தில் பதிகிறது. கல்லூரியில் இப்பிரிவு மேலும் விரிகிறது. அங்கே கணினி மாணவர் பகுதி ஒன்றில் தமிழை ஒரு வகுப்பறையிலும், முதன்மைப் பாடத்தில் நிரலாக்கத்தை வேறொரு வகுப்பறையிலும் பயில்கின்றனர். இரண்டும் சந்திப்பதில்லை.

இணையத் தமிழின் தொடக்கத்தில் இப்பிரிவு இருந்ததில்லை. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்ற முனைந்தபோது, எழுத்துருவும் குறியாக்கமுமே முதற்சிக்கலாயின. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும் எழுத்துக் குறியாக்கத்தையும் தரப்படுத்துவதையே பெரும்பணியாகக் கொண்டது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக்குறி வழங்கும் தமிழ் அனைத்து எழுத்துருக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. தமிழை அறியாமல் தமிழ்ப் பக்கம் ஒன்றை எழுப்ப முடியாத காலம் அது. ஒருங்குறி எங்கும் பரவியபின் திரையில் தமிழ் தானாகவே தெரிகிறது. தெரிவதனாலேயே, சிக்கல் தீர்ந்தது எனப் பாடம் கருதிவிட்டது. திரையில் தெரிவது வேறு, நிரலால் கையாளப்படுவது வேறு என்பதைப் பின்வரும் சோதனைகள் காட்டும்.

எண்ணுதல்: ஒரு சொல்லுக்கு நான்கு விடைகள்

'சுண்ணாம்புக்குளம்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து எனத் தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால், சு, ண், ணா, ம், பு, க், கு, ள, ம் என விரல்விட்டு எண்ணி 9 என்பார். ஜாவாஸ்கிரிப்டின் நீளம் காணும் பண்பு 17 என விடை தரும். பி.எச்.பி.யின் வழக்கமான நீளச் செயற்கூறு 51 என்னும்.

இம்முரணுக்குக் காரணம் ஒருங்குறியின் அமைப்பு. ஒருங்குறியில் 'சு' என்பது ஓர் இடமன்று. அகரமேறிய 'ச' ஒன்றும் உகரக் குறி ஒன்றுமாக இரண்டு இடம். 'ண்' என்பதும் 'ண' ஒன்றும் புள்ளி ஒன்றுமாக இரண்டு. குறியோ புள்ளியோ இன்றி நிற்கும் 'ள' மட்டுமே ஓரிடம். எனவே 9 எழுத்துக்கு 17 குறியிடங்கள். யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்வதால் மொத்தம் 51 பைட்டு. பைட்டுக் கணக்கில் 50 என வரம்பிட்ட தரவுத்தளப் புலத்தில் இவ்வூர் நுழைய இடமில்லை. படிவப் புலத்துக்கு 15 என உச்ச நீளம் விதித்தால், 'சுண்ணாம்புக்குள' என்பதுடன் உலாவி நிறுத்திக்கொள்ளும். ஒன்பதெழுத்துப் பெயருக்குப் பதினைந்து தாராளம் என எண்ணிய வடிவமைப்பாளர், ஊரின் இறுதி மெய்யை வெட்டியிருப்பதை அறியார்.

தமிழ் யாப்பு நான்காவது விடையொன்றையும் தருகிறது. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கியே எழுத்தெண்ணுவர். நேரசை முதலாயின் அடிக்கு 16, நிரையசை முதலாயின் 17. அம்முறையில் இச்சொல் 5 எழுத்தாகும். ஆகவே 51, 17, 9, 5 ஆகிய நான்கும் சரியான விடைகளே. சேமிப்பிடத்துக்கு 51 வேண்டும், நிரலின் உள்ளியக்கத்துக்கு 17, படிப்போருக்கு 9, பாவலருக்கு 5. எழுத்தை எண்ணுவது எதன்பொருட்டு என்பதைப் பொறுத்தே விடை மாறும் என்னும் இவ்வுண்மை நிரலாக்கத்தின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. ஒற்றை எண்ணுவதும் எண்ணாமல் விடுவதும் நோக்கத்தைப் பொறுத்தது என்பதைத் தமிழ் மாணவர் யாப்பிலக்கண வகுப்பிலேயே கற்றிருக்கிறார். ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் பயிற்சியில் பைட்டு, குறியிடம், எழுத்து மூன்றும் ஒரே எண்ணாக அமைவதால், அவருக்குத் தெரிந்த வேறுபாடே மறைக்கப்படுகிறது.

திருப்புதல்: விகடகவி என்னும் சோதனை

இருவழியும் ஒத்துவரும் சொல்லைக் கண்டறியும் பயிற்சி நிரலாக்க வகுப்புகளில் தவறாமல் இடம்பெறுவது. தமிழில் இதற்கு நெடிய மரபுண்டு. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் பாடல் அளவிலேயே இவ்வமைப்பைக் கொண்டது. சிறுவரும் அறிந்த எடுத்துக்காட்டு 'விகடகவி'.

சரத்தைக் குறியிடங்களாகப் பிரித்துத் தலைகீழாக்கி ஒப்பிடும் வழக்கமான நிரலில் 'விகடகவி' என உள்ளிட்டால், இச்சொல் இருவழியும் ஒத்துவராது என்னும் விடையே கிடைக்கும். திருப்பும்போது இறுதி 'வி'யின் இகரக் குறி முதலில் வந்து, பற்றிக்கொள்ள மெய்யின்றித் தனியே நிற்கிறது. இடையிலுள்ள 'க' இகரம் பெற்றுக் 'கி' ஆகிறது. முதற்கண் இருந்த 'வி' இகரம் இழந்து இறுதியில் 'வ' ஆகிறது. 'குளம்' என்பதைத் திருப்பினால் புள்ளி சொல்லின் தொடக்கத்தில் அந்தரத்தில் நிற்கும்.

இதற்குத் தீர்வு உண்டு. எழுத்துக்கூறுகளாகப் பிரிக்கும் வசதி இன்றைய ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ளது, பி.எச்.பி.யிலும் அதற்கெனத் தனிச் செயற்கூறுகள் உள்ளன. பைத்தான் மொழியில் ஓப்பன் தமிழ் என்னும் திறமூல நிரலகம் தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தருகிறது. இவற்றால் 'சுண்ணாம்புக்குளம்' 9 ஆகவே எண்ணப்படும். 'விகடகவி' இருவழியும் ஒத்துவரும். கருவி இருந்தும் பாடத்தில் இடம்பெறவில்லை என்பதே குறை.

அடுக்குதலும் தேடுதலும்

மலை, மழை, மறை, மனை என்னும் நான்கு சொற்களைத் தமிழ் நெடுங்கணக்கின்படி அடுக்கினால் இவ்வரிசையே அமையும். இடையின, வல்லின, மெல்லின எழுத்துகள் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என முடிவதைத் தமிழ் படித்த எவரும் அறிவர். ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான அடுக்கற் செயற்கூறு மனை, மறை, மலை, மழை எனத் தரும். ஒருங்குறியில் 'ன' என்பது 'ந'வை அடுத்தும், 'ற' என்பது 'ர'வை அடுத்தும் வைக்கப்பட்டிருப்பதே காரணம். தமிழ் எனக் குறிப்பிட்டு ஒப்பிடும் வசதி அம்மொழியிலேயே உண்டு. அதனைப் பயன்படுத்தினால் நெடுங்கணக்கு வரிசை கிட்டும். இவ்வேறுபாட்டைக் கற்காத மாணவர் நாளை ஒரு வாக்காளர் பட்டியலையோ நூலகப் பட்டியலையோ அடுக்கினால், பெயர்கள் எதிர்பார்த்த இடத்தில் இரா.

தேடுதலில் வரும் சிக்கல் இதனினும் நுட்பமானது. ஏரிக்கு அப்பாலுள்ள 'ஸ்ரீஹரிகோட்டா' என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'கோ' என்பதைக் ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் உள்ளிடலாம். ஏகாரக் குறியையும் கால் எழுத்தையும் தனித்தனியே சேர்த்தும் உள்ளிடலாம். 'ஸ்ரீ' என்பதன் முதலெழுத்தும் ஸகரமாகவோ, 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரமாகவோ இருக்கக்கூடும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகவே தோன்றும். ஆகக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவ்வூர்ப்பெயர் கணினிக்கு நான்கு வேறு சொற்கள். முதல்வகை வேறுபாட்டை ஒருங்குறியின் இயல்பாக்க விதி நீக்கிவிடும். இரண்டாம் வகையை அவ்விதி நீக்காது. நிரலாளரே அறிந்து கையாள வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஊரை 'இல்லை' என்று சொல்லும் தேடற்பெட்டியின் பின்னே இருப்பது பெரும்பாலும் இவ்வறியாமையே.

சரிபார்த்தல்: பெயரைக் கேட்கும் முறை

முன்னுரையில் கூறிய எச்சரிக்கைக்கு மீள்வோம். அதனை எழுப்பியது ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சரிபார்ப்புக் கோவை. பெரிய ஏ முதல் இசட் வரை, சிறிய ஏ முதல் இசட் வரை, இடைவெளி ஆகியவற்றை மட்டும் ஏற்பது அது. எத்தனையோ கையேடுகளில் படியெடுக்கப்பட்டுவரும் வரி இது. எம்மொழி எழுத்தையும் ஏற்கும் கோவை 2018 முதல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் உள்ளது. ஆனால் அதிலும் 'எழுத்து' என்னும் வகையை மட்டும் குறிப்பிட்டால் 'பல', 'கட' போன்ற அகரமேறிய சொற்களே தேறும், 'குளம்' தேறாது. ஒருங்குறி உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்து வகையில் வைக்காமல், 'குறி' என்னும் தனிவகையில் வைத்திருப்பதே காரணம். இரண்டு வகையையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். மெய் புள்ளி பெற்று நிற்கும் என்பதை இலக்கணத்தில் பயின்ற மாணவருக்கு இது ஒரே வகுப்பில் விளங்கிவிடும்.

பெயரை எழுத்தாக ஏற்பதோடு சிக்கல் முடிவதில்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு புலங்களைக் கட்டாயமாக்கும் படிவம் மேலை வழக்கை உலகப் பொதுவாகக் கொண்டது. தமிழ்நாட்டில் தந்தை அல்லது தாய் பெயரின் முன்னெழுத்தும் தன் பெயருமே வழக்கு. குடும்பப்பெயர் புலத்தில் தந்தை பெயரை இடுவோரும், தம் பெயரையே மீண்டும் இடுவோரும், புள்ளி ஒன்றை இட்டுக் கடப்போரும் உளர். உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பன்னாட்டாக்கப் பிரிவே, மக்கட்பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதை விளக்கி, தேவையின்றிப் பெயரைப் பகுக்க வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது. பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. ஆணை இருந்தும், படிவத்தை வடிவமைப்பவர் பயின்ற பயிற்சி மாறாதவரை முன்னெழுத்து ஆங்கிலத்திலேயே தொடரும்.

இதன் சுமை யாரைச் சேர்கிறது என்பதும் ஆராயத்தக்கது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ல, ள வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் மறைகின்றன. குளமும் குலமும் ஒன்றாகின்றன. ழகரத்தை எல் என எழுதுவோரும் இசட் எச் என எழுதுவோரும் உண்டு. சகரத்தை எஸ் எனவும் சி எச் எனவும் எழுதுவர். ஆதார் அட்டையில் ஒருவகை, வங்கிக் கணக்கில் ஒருவகை, மீனவர் நலவாரிய அட்டையில் ஒருவகை என ஒரே பெயர் மூன்று வடிவம் பெறும்போது, அவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் மூவரைக் காண்கிறது. உரியவர் நேரில் சென்று, தாம் ஒருவரே என மெய்ப்பிக்க நேர்கிறது. அதற்காக இழப்பது ஒரு நாள் தொழில். தமிழில் எழுதினால் பெரும்பாலும் ஒரே வடிவில் அமையும் பெயரைத் தமிழில் வாங்க மறுத்ததன் விளைவு இது.

ஏரிக்கரையிலிருந்து நோக்குதல்

இணைய நிரலாக்கம் கடலோர மக்கள் வாழ்வில் எத்தகைய பணி ஆற்றக்கூடும் என்பதற்கு அயலிலுள்ள புதுச்சேரிக் கடற்கரை ஒரு சான்று. அங்கு 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் அறிவு மையங்களை நடத்தியது. வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பைப் பதிவிறக்கி, தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை நல்லவாடு ஊர் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட, மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர். ஆங்கிலப் பக்கத்துக்கும் தமிழ்ச் செவிக்கும் இடையே அன்று ஒரு மனிதர் நின்று மொழிபெயர்த்தார். இன்று அவ்விடத்தில் நிற்பது கைப்பேசியும் அதன் குரல்வழி வாசிப்பும். பக்கத்தின் மொழி தமிழ் எனக் குறிக்கும் பண்பை எச்.டி.எம்.எல்.லில் எழுதாவிட்டால், வாசிக்கும் மென்பொருள் எம்மொழிக் குரலில் வாசிப்பது என்பதை ஊகிக்கவே வேண்டும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பழவேற்காட்டுக் கரையில், பத்திக்குப் பத்தி இம்மொழிக் குறிப்பு தேவைப்படும். முதல் வாரத்தில் ஒரே வரியில் கற்பிக்கக்கூடியது இது. கற்பிக்கப்படாதபோது, எழுத்தறியாத முதியவருக்கு அப்பக்கம் பயன்படாமற்போகும்.

தரவுத்தளப் பயிற்சிக்கும் இவ்வேரி தக்க பொருளைத் தருகிறது. ஏரியின் தென்பகுதி மீனவ ஊர்களில் 'பாடு' என்னும் மரபு நிலவுகிறது. மீன்பிடி இடங்களைக் குலுக்கல், முறைவைப்பு ஆகியவற்றின்வழித் தகுதியுடையோர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இடம், நாள், முறை பெறுபவர், வலை வகை எனப் பல அட்டவணைகளைத் தொடர்புபடுத்த வேண்டிய இப்பொருள், வழக்கமான மதிப்பெண் பட்டியலைக் காட்டிலும் வளமானது.

ஆயினும் இதில் ஒரு தடையும் உண்டு. பாட்டு உரிமை எல்லார்க்கும் உரியதன்று. குறிப்பிட்ட சமூகத்து ஆடவர்க்கே மரபுவழி உரியது. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அப்பட்டியலில் இடம்பெறார். ஊர்க் கூட்டத்தில் விவாதித்து மாற்றத்தக்க ஒரு வழக்கத்தை அட்டவணையாக்கும்போது, 'தகுதி' என்னும் புலம் அவ்வழக்கத்தை இறுக்கிவிடும். எப்புலத்தைக் கட்டாயமாக்குவது, எதனை விடுவது, யாருக்குத் திருத்தும் உரிமை தருவது என்பவை நுட்பச் செய்திகள்போல் தோன்றினும் உரிமைச் செய்திகளே. மதிப்பெண் பட்டியலை மட்டும் கையாளும் மாணவருக்கு இக்கேள்வி எழ வாய்ப்பில்லை.

எதிர்க்கருத்துகள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, முதல் தலைமுறை மாணவருக்கு வேண்டியது வேலை. அது ஆங்கிலத்தில் உள்ளது என்பது. இம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது. கரையூர்ப் பெற்றோர் பிள்ளைகளைக் கணினி படிக்க அனுப்புவதே ஏரியை மட்டும் நம்பியிராமல் வாழத்தான். ஆனால் குறியிடம், இயல்பாக்கம், எழுத்துக்கூறு, மொழிசார் அடுக்கல் ஆகியவை தமிழுக்கு மட்டும் உரிய அறிவல்ல. இந்தி, தாய், அரபு என எம்மொழிப் பயனருக்கு மென்பொருள் செய்வோருக்கும் இவை தேவை. தமிழ்த் தரவில் பயின்றவர் இவ்வறிவில் ஒருபடி முன்னிருப்பார்.

இரண்டாவது, பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பியுள்ளது என்பது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023–24ஆம் கல்வியாண்டில் மாதிரிப் பாடத்திட்டத்தை அறிமுகப்படுத்தியபோது, பொதுத்தன்மைக்கும் பல்கலைக்கழகங்களின் தன்னுரிமைக்கும் இடையே விவாதம் எழுந்ததை அறிவோம். இக்கட்டுரையின் முன்மொழிவு பாடத்திட்டத்தைத் தொடவேண்டியதில்லை. ஆய்வகக் கையேட்டில் உள்ளீடாகத் தரப்படும் சொற்களை மாற்றினால் போதும். அதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் வேண்டா. ஆசிரியர் ஒருவர் மனம்கொண்டால் அடுத்த வாரமே செய்யலாம்.

மூன்றாவது, இது தமிழ்த்துறையின் பணி என்பது. இதனைத் தமிழ்த்துறை சார்ந்த நாமும் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். கணினித்தமிழ் என்னும் தாளில் நாம் பெரும்பாலும் கற்பிப்பவை இணையதளங்களின் பட்டியலும், மாநாடுகளின் ஆண்டும், முன்னோடிகளின் பெயரும். தேர்வில் மாணவர் அவற்றை எழுதிவிடுகிறார். 'விகடகவி'யைத் திருப்பத் தெரியாமலே தேர்ச்சி பெறுகிறார். நிரலாக்க வகுப்பில் தமிழ் இல்லாததைப் போலவே நம் வகுப்பில் நிரல் இல்லை. குறை இருபுறமும் உள்ளது.

முன்மொழிவுகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், நடைமுறையிலுள்ள பயிற்சிகளுக்கு ஈடாகப் பின்வருவன முன்வைக்கப்படுகின்றன.

1. வரவேற்புச் சொல்லை அச்சிடும் முதற்பயிற்சியில், மாணவர் தம் ஊரைத் தமிழிலும், வழங்குமாயின் அண்டை மொழியிலும் அறிமுகம் செய்தல், யு.டி.எஃப்-8 குறிப்பையும் மொழிக் குறிப்பையும் கட்டாயமாக எழுதுதல்.

2. நீளம் காணும் பயிற்சியில், தம் ஊர்ப்பெயரைப் பைட்டு, குறியிடம், எழுத்து என மூவகையிலும் எண்ணி, வேறுபாட்டுக்குக் காரணம் எழுதுதல்.

3. திருப்பும் பயிற்சியில் 'விகடகவி'யையும், அடுக்கும் பயிற்சியில் மலை, மழை, மறை, மனை ஆகியவற்றையும் உள்ளீடாகக் கொள்ளுதல்.

4. பதிவுப் படிவத்தில் பெயரை ஒரே புலமாகவும் முன்னெழுத்தைத் தனிப் புலமாகவும் அமைத்து, தமிழ்ப் பெயரை ஏற்காத படிவத்துக்கு மதிப்பெண் குறைத்தல்.

5. தரவுத்தளப் பயிற்சியில் தமிழ்ப் பெயரைச் சேமித்து, மீட்டு, தேடிக் காட்டுதல். மைஎஸ்கியூஎல் 2018இல் வெளியிட்ட எட்டாம் பதிப்புக்கு முன்புவரை அதன் இயல்புக் குறியாக்கம் தமிழை ஏற்காதது என்பதால், பழைய பதிப்புள்ள ஆய்வகங்களில் பெயருக்கு ஈடாக வினாக்குறிகளே மீளும். அதனைத் திருத்துவதையே பயிற்சியாக்கலாம்.

6. கணினித்தமிழ்த் தாளில் ஒரு பயிற்சியேனும் நிரலாக அமைதல். கணினித்துறை ஆசிரியர் ஒருவரும் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து அதனை மதிப்பிடுதல்.

முடிவுரை

தமிழில் நிரலாக்கம் கற்பித்தல் என்றால் கலைச்சொற்களைத் தமிழாக்குவது என்றே இதுவரை பெரிதும் பொருள்கொள்ளப்பட்டது. அப்பணி தேவையானது, அதனைச் செய்தோர் நன்றிக்குரியர். ஆனால் மடக்கு, அணி, செயற்கூறு எனத் தூய தமிழில் விளக்கப்பட்ட நிரலும் தமிழ்ப் பெயரை மறுக்கக்கூடும். ஆங்கிலவழியில் கற்ற நிரலும் அப்பெயரை ஏற்கக்கூடும். வேறுபாட்டை உண்டாக்குவது பயிற்சியில் உள்ளிடப்படும் தரவே என்பது இவ்வாய்வில் பெறப்பட்டது.

எண்ணுதல், திருப்புதல், அடுக்குதல், தேடுதல், சரிபார்த்தல் ஆகிய ஐந்திலும் வழக்கமான பயிற்சி தமிழில் பிழையான விடை தருகிறது. ஐந்துக்கும் திருத்தம் இன்று கைவசமுள்ள கருவிகளாலேயே இயலும். திருத்தத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான எழுத்திலக்கண அறிவும் தமிழ் மாணவரிடம் முன்னரே உள்ளது. முதல் தலைமுறை மாணவர் நிரலாக்க வகுப்புக்குள் ஏதும் அறியாதவராக நுழைகிறார் என்னும் கருத்து பரவலானது. எழுத்தைப் பொறுத்தவரை அக்கருத்து பொருந்தாது. அவர் அறிந்ததைக் கேட்கும் பயிற்சி பாடத்தில் இல்லை என்பதே உண்மை.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து அடுத்த ஆண்டு ஆய்வகத்துக்கு வரும் மாணவர் தம் ஊர்ப்பெயரைத் தமிழில் உள்ளிடும்போது, படிவம் அதனை ஏற்க வேண்டும். ஏற்காவிடில், அது தம் பெயரின் குறையன்று, நிரலின் குறை என்று அறிந்து திருத்தும் திறனை அவ்வகுப்பே அவருக்குத் தந்திருக்க வேண்டும்.